வெள்ளி விழா நாணயம் எல்லாம் வெள்ளியா?

போன மாதம் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் என் கடைக்கு வந்தார். விபூதிப் பொட்டலம் போல மடித்திருந்த காகிதத்தைப் பிரித்து, ஓர் ஐம்பது பைசாவை எடுத்து மேசையில் வைத்தார். நாடாளுமன்றக் கட்டடம், அதன் முன்னே கொடியேந்திய இருவர். இந்தியா விடுதலை பெற்ற 25ஆம் ஆண்டை முன்னிட்டு 1972இல் வந்த நாணயம்.

“தம்பி, இது சுத்த வெள்ளி. ஐந்து லட்சத்துக்குப் போகுமாம்” என்றார்.

பழைய நாணயம் வாங்கி விற்கும் எனக்கு இது புதிதில்லை. ‘வெள்ளி விழா நாணயம்’ என்ற பெயரே பலரை ஏமாற்றிவிடுகிறது. தராசில் வைத்தேன்: 5 கிராம். செம்பும் நிக்கலும் கலந்த உலோகம், அவ்வளவுதான். அந்நாளில் மளிகைக் கடையில் சில்லறையாகக் கைமாறிய எட்டணா இது.

வெள்ளி கலந்த நாணயமும் அதே ஆண்டில் வந்தது உண்மை. அதே சித்திரம், ஆனால் பத்து ரூபாய். எடை 22.5 கிராம், அதில் பாதி வெள்ளி. உள்ளங்கையில் வைத்தாலே கனம் தெரியும். அது வீட்டில் இருந்தால், அந்த 11.25 கிராம் வெள்ளியின் அன்றைய விலைக்குக் குறைந்து யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். பொன்விழாவுக்கு 1997இல் வந்த ஐம்பது பைசாவோ துருப்பிடிக்காத எஃகு. காந்தத்தில் ஒட்டும், வெள்ளி ஒட்டாது.

ஆண்டுக்குக் கீழே உள்ள சிறு குறியைக் காட்டி லட்சக்கணக்கில் விலை சொல்லும் காணொளிகளையும் நம்ப வேண்டாம். வைரக் குறி பம்பாய், நட்சத்திரம் ஐதராபாத், குறியே இல்லையென்றால் கல்கத்தா. எந்த ஆலையில் அச்சானது என்பதற்கு மேல் அந்தக் குறி தானாக எதுவும் சொல்லாது.

ஆசிரியரின் நாணயம் கண்ணைப் பறித்தது. உருப்பெருக்கியில் பார்த்தால் முகமெல்லாம் மெல்லிய கீறல்கள். புளி போட்டுத் தேய்த்தாராம்! பித்தளைக் குத்துவிளக்குக்குப் புளி சரி. நாணயம் சேர்ப்பவர்கள் தேடுவது காலம் ஏற்றிய இயல்பான நிறத்தை. தேய்த்ததை அவர்கள் ஒதுக்கிவிடுவார்கள். அழுக்கு இருந்தாலும் அப்படியே கொண்டுவாருங்கள். விளிம்பைப் பிடியுங்கள், முகத்தைத் தொடாதீர்கள்.

இதற்குள் அவருடைய கைப்பேசி ஒலித்தது. ஐந்து லட்சம் தருவதாக அவரிடம் சொன்ன ஆள்தான். ‘பதிவுக் கட்டணம்’ என்று ஏற்கெனவே 1,550 ரூபாய் வாங்கியாகிவிட்டது. இப்போது ஜிஎஸ்டி என்று இன்னும் 6,200 கேட்கிறார். ரிசர்வ் வங்கியின் முத்திரை போட்ட கடிதம் வேறு அனுப்பியிருக்கிறார். ரிசர்வ் வங்கி பழைய நாணய வியாபாரத்தில் ஈடுபடுவதில்லை, அதற்காகக் கட்டணமோ கமிஷனோ கேட்பதும் இல்லை என்று 2021 ஆகஸ்டிலேயே அறிவித்துவிட்டது. பொருளை விற்பவர் நீங்கள். பணம் உங்கள் கைக்கு வர வேண்டுமே தவிர, உங்களிடமிருந்து ஏன் போக வேண்டும்? கைப்பேசியை வாங்கி, “கடை எந்தத் தெருவில் இருக்கிறது?” என்று கேட்டேன். இணைப்பு துண்டிக்கப்பட்டது.

அவர் கைப்பேசியிலிருந்தே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைத்துப் புகார் கொடுக்க வைத்தேன். பணம் போனது தெரிந்தவுடன் அழைத்துவிட வேண்டும். நாள் கடந்தால் அது பல கணக்குகள் மாறி மறைந்துவிடும்.

நாணயத்துக்கு என்ன கிடைக்கும் என்று தயங்கிக் கேட்டார். “ஒரு காப்பிச் செலவுக்குத் தேறும், ஐயா” என்றேன். சிரித்தபடியே அதைப் பழைய காகிதத்தில் மடித்தார்.

“பேரனிடம் சைக்கிள் வாங்கித் தருவதாகச் சொல்லிவிட்டேனே, தம்பி.”