பழைய கன்சோலை விற்கும் முன் கொஞ்சம் பொறுங்கள்

வீடியோ கேம் கன்சோல் பழுது பார்ப்பது என் தொழில். "டிரைவ் போயிடுச்சு, டிஸ்க்கை எடுக்க மாட்டேங்குது" என்று வரும் புது எந்திரங்கள் பலவற்றில் டிரைவ் நன்றாகவே இருக்கும். உள்ளே போட்ட டிஸ்க்தான் அந்த எந்திரத்துக்கு உரியதல்ல. பிளேஸ்டேஷன் 5-இல் பிளேஸ்டேஷன் 4 கேம்கள், மிகச் சிலவற்றைத் தவிர, எல்லாம் ஓடும். ஆனால் 1, 2, 3 தலைமுறை டிஸ்க் எதுவும் ஓடாது. லென்ஸை எவ்வளவு துடைத்தாலும் ஓடாது. இதை அறியும்போது பழைய கன்சோல் பெரும்பாலும் கைமாறிப் போயிருக்கும்.

பழைய கேம் ஓடுவதும் ஓடாததும் எந்திரத்துக்குள் என்ன சிப் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. 2000-இல் வந்த பிளேஸ்டேஷன் 2-க்குள் முதல் பிளேஸ்டேஷனின் பிராசஸரும் இருந்தது; அதனால் பழைய டிஸ்க் இயல்பாக ஓடியது. 2006-இல் வந்த முதல் பிளேஸ்டேஷன் 3 மாடல்களிலும் முந்தைய தலைமுறையின் சிப்களை வைத்தார்கள். பிறகு செலவைக் குறைக்கக் கழற்றிவிட்டார்கள். பிளேஸ்டேஷன் 2 டிஸ்க்குகளுக்காகப் பழைய பிளேஸ்டேஷன் 3 தேடுபவர்கள் முன்பக்கத்தைப் பாருங்கள். நான்கு யு.எஸ்.பி. போர்ட் இருந்தால் வாய்ப்பு உண்டு, இரண்டே இருந்தால் விட்டுவிடுங்கள். அவை வயதான எந்திரங்கள் என்பதையும் மறக்க வேண்டாம். சிப்பின் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கும். வாங்கியதும் மாற்றிவிடுவது நல்லது.

எக்ஸ்பாக்ஸ் கதை வேறு. எக்ஸ்பாக்ஸ் 360 டிஸ்க்கை அதற்குப் பின் வந்த எக்ஸ்பாக்ஸ் ஒன்னிலோ சீரீஸ் எக்ஸிலோ போட்டால், கேம் டிஸ்க்கிலிருந்து ஓடாது. புது எந்திரத்துக்கென்று தயாரித்த பிரதி இணையத்திலிருந்து இறங்கும். டிஸ்க் வெறும் சாவிதான், ஆனாலும் விளையாடும் நேரமெல்லாம் உள்ளே இருந்தாக வேண்டும். கீறல் விழுந்து 360-இல் பாதியில் நின்ற டிஸ்க்கூட இதில் வேலை செய்வதுண்டு. அதே காரணத்தால், இப்படிப் பிரதி தயாரித்த கேம்களின் பட்டியலில் இல்லாத கேமுக்கு வழியே கிடையாது. 2021 நவம்பரில் 76 கேம்களைச் சேர்த்ததோடு பட்டியல் நின்றுவிட்டது. உரிமச் சிக்கலும் தொழில்நுட்ப வரம்பும்தான் காரணம் என்றார்கள். பாடல்களுக்கும் கார் பிராண்டுகளுக்கும் வாங்கிய உரிமம் காலாவதியானால், எமுலேஷன் (பழைய எந்திரத்தைப் போல நடிக்கும் மென்பொருள்) எவ்வளவு திறமையாக இருந்தும் பயனில்லை. சீரீஸ் எஸ்ஸில் டிஸ்க் டிரைவே இல்லை என்பதை, சொன்னால் சிரிப்பீர்கள், வாங்கிய பிறகு கவனிப்பவர்கள் நிறைய.

டிஸ்க்கைப் பற்றி இவ்வளவு கேட்பவர்கள் சேவ் ஃபைலைப் பற்றிக் கேட்பதில்லை. டிஸ்க் காலத்து கேம்களில் உங்கள் முன்னேற்றம் கன்சோலின் ஹார்டு டிஸ்க்கிலோ மெமரி கார்டிலோ இருக்கிறது. ஹார்டு டிஸ்க்கோடு கன்சோலை விற்றால் அதையும் சேர்த்தே விற்கிறீர்கள். பிளேஸ்டேஷன் 4-இலிருந்து சேவ்களை யு.எஸ்.பி. டிரைவில் எடுத்து பிளேஸ்டேஷன் 5-க்கு மாற்றலாம். அதே கேமின் பிளேஸ்டேஷன் 5 பதிப்பு அந்த சேவை ஏற்குமா என்பது கேமுக்குக் கேம் மாறும். 360-இல் இருப்பதை, எந்திரம் உயிரோடு இருக்கும்போதே கிளவுடில் ஏற்றிவிடுங்கள். மதர்போர்டு போன பிறகு கொண்டுவந்தால், செலவும் கூடும், சேவ் மீளும் என்ற உறுதியும் இல்லை.

நின்டெண்டோவின் ஸ்விட்ச் 2 கன்சோல் வாங்குபவர்களுக்கு ஒரு சேதி. பழைய ஸ்விட்ச் கேம்கள் பெரும்பாலும் ஓடும், ஆனால் கார்டில் கேம் சேமிப்பதென்றால் மைக்ரோ எஸ்.டி. எக்ஸ்பிரஸ் கார்டுதான் வேண்டும். பழைய கார்டில் கேம் ஏறாது.

சேவ் விஷயத்தில், நின்டெண்டோவின் பழைய கையடக்க கன்சோலான கேம் பாயின் கார்ட்ரிட்ஜ் நேர் எதிர். கேம் பாய் அட்வான்ஸில் போட்டாலும் சேவ் கூடவே வரும், ஏனென்றால் பல கார்ட்ரிட்ஜ்களில் அது உள்ளேயே, ஒரு சிறு பட்டன் பேட்டரியின் தயவில் இருக்கிறது. பேட்டரி தீர்ந்தால் கேம் ஓடும், சேவ் மட்டும் நிற்காது. புதிது மாற்றலாம். ஆனால் பழையதைக் கழற்றினாலே உள்ளே இருந்த சேவ் அழிந்துவிடும். அதற்கென்றே உள்ள ரீடரில் முதலில் பிரதி எடுத்துக்கொண்டுதான் சால்டரிங் அயர்னைத் தொட வேண்டும்.