இருபது விக்கெட்டுகளின் கணக்கு: டெஸ்டில் சிறிய அணிகள் ஏன் தோற்கின்றன?

2019 ஜூலை 24, லார்ட்ஸ் மைதானம். பத்து நாட்களுக்கு முன்பு அதே இடத்தில் உலகக் கோப்பையை வென்ற இங்கிலாந்து, முதல் நாள் மதிய உணவு இடைவேளைக்குள் 85 ரன்களுக்குச் சுருண்டது. 23.4 ஓவர்களில் கதை முடிந்தது. பந்து வீசியது அயர்லாந்து. அந்த அணிக்கு அது மூன்றாவது டெஸ்ட். முப்பத்தேழு வயது டிம் முர்டா 13 ரன் கொடுத்து 5 விக்கெட் எடுத்தார். பதிலுக்கு அயர்லாந்து 207 ரன் எடுத்து, 122 ரன் முன்னிலை பெற்றது.

இரண்டாவது இன்னிங்ஸில் இங்கிலாந்து சுதாரித்துக்கொண்டு 303 எடுத்தது. பின்வரிசை ஆட்டக்காரரான ஜாக் லீச் தொடக்க வீரராக இறங்கி 92 ரன் குவித்தார். அயர்லாந்துக்கு இலக்கு 182. மூன்றாம் நாள் கிறிஸ் வோக்ஸும் ஸ்டூவர்ட் பிராடும் மட்டுமே பந்து வீசினார்கள். மூன்றாவது ஆள் தேவைப்படவில்லை. 15.4 ஓவர்களில் 38 ரன்னுக்கு ஆட்டம் முடிந்தது.

அந்த 38ஐத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறோம். ஆனால் ஆட்டம் ஆளுக்கு ஓர் இன்னிங்ஸோடு நின்றிருந்தால் அயர்லாந்து சுலபமாக வென்றிருக்கும். இரண்டாவது இன்னிங்ஸ் என்ற ஒன்று இருந்ததுதான் இங்கிலாந்தைக் காப்பாற்றியது. டெஸ்ட் கிரிக்கெட்டில் வலிய அணிக்கும் எளிய அணிக்கும் நடுவே உள்ள பள்ளத்தைப் புரிந்துகொள்ள இந்த ஆட்டத்திலிருந்து தொடங்குவதே சரி.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு விக்கெட் விழுந்ததிலிருந்து அடுத்தது விழும்வரை சேரும் ரன்களை ஒரு துண்டு என்று வைத்துக்கொள்வோம். ஒரு துண்டு ஒன்றுமில்லாமல் போகும், இன்னொன்று நூற்றைத் தாண்டும். ஒவ்வொரு பந்திலும் ஆட்டமிழக்கும் வாய்ப்பு ஏறத்தாழ ஒரே அளவு என்று கொண்டால், இந்தத் துண்டுகளின் ஏற்ற இறக்கம் அவற்றின் சராசரி அளவுக்கே இருக்கும். அதாவது சராசரி 25 என்றால் அலைவும் 25. இவ்வளவு பெரிய அலைவு அதிர்ஷ்டத்துக்குக் கதவைத் திறந்துவிடுகிறது. ஆனால் துண்டுகளைக் கூட்டக் கூட்ட அதன் செல்வாக்குக் குறைகிறது. விக்கெட்டுகளின் எண்ணிக்கை நான்கு மடங்கானால் இரு அணிகளின் திறமை இடைவெளியும் நான்கு மடங்காகப் பெருகும். அலைவோ இரண்டு மடங்குதான் பெருகும். புள்ளியியலில் இதை வர்க்கமூல விதி என்பார்கள்.

இப்போது இரண்டு கற்பனை அணிகள். ஒன்று விக்கெட்டுக்கு 35 ரன் எடுக்கிறது, மற்றது 25. ஆளுக்கு ஓர் இன்னிங்ஸ் கொண்ட பத்து விக்கெட் ஆட்டத்தில் எளிய அணி நூற்றுக்கு ஏறத்தாழ 23 முறை வெல்லும். டெஸ்டைப் போல ஆளுக்கு இரண்டு இன்னிங்ஸ் கொண்ட இருபது விக்கெட் ஆட்டத்தில் அது 14 ஆகக் குறைகிறது. இடைவெளியை 40க்கு 20 என்று அகலமாக்கினால் ஆறேழு முறை என்பது ஒன்று அல்லது இரண்டு முறையாகிவிடுகிறது. அணிகள் மாறவில்லை, ஆட்டத்தின் நீளம் மட்டுமே மாறியிருக்கிறது. நிஜ ஆட்டம் இவ்வளவு நேர்த்தியானதல்ல என்பது உண்மை. புதிதாக இறங்கியவர் எளிதில் ஆட்டமிழப்பார், மழை வரும், டிரா என்று ஒன்றும் உண்டு. ஆனாலும் போக்கு இதுதான். நெதர்லாந்து தென்னாப்பிரிக்காவை வீழ்த்தியதும் (2022), அமெரிக்கா பாகிஸ்தானை வீழ்த்தியதும் (2024) இருபது ஓவர் ஆட்டங்களில். அந்த ஆட்டங்களை ஐந்து நாட்களுக்கு நீட்டினால் என்ன ஆகும் என்று பந்தயம் கட்ட எனக்குத் துணிவில்லை.

நீளம் இன்னொரு வேலையையும் செய்கிறது. கணக்கைவிட இதுதான் கொடுமையானது என்பேன். அது அணியின் அடிவரிசையைத் தேடிப் பிடித்து வெளிச்சத்துக்குக் கொண்டுவருகிறது. இருபது ஓவர் ஆட்டத்தில் ஒருவர் நான்கு ஓவர்தான் வீசலாம் என்றாலும், அந்த நான்கே ஆட்டத்தைத் திருப்பப் போதும். டெஸ்டில் அப்படி வரம்பு இல்லை. ஆனால் ஒருவரே அடுத்தடுத்து இரண்டு ஓவர் வீச முடியாது. வேகப்பந்து வீச்சாளரின் உடம்பு ஒரு நாளைக்கு இருபது ஓவரைத் தாண்டினால் முனகத் தொடங்கும். தொண்ணூறு ஓவர் கொண்ட நாளில் மீதியை யாரோ ஒருவர் வீசித்தானே ஆக வேண்டும்? வலிய அணிக்கு நான்காவது பந்துவீச்சாளரும் தலைவலி கொடுப்பவர். எளிய அணிக்கு மூன்றாவது ஆள் வரும்போதே எதிரணிக்கு இளைப்பாறல் கிடைத்துவிடுகிறது.

2018 ஜூனில் பெங்களூருவில் இந்தியாவுக்கு எதிராக ஆப்கானிஸ்தான் தன் முதல் டெஸ்டை ஆடியபோது இதை நேரில் காண முடிந்தது. இருபது ஓவர் கிரிக்கெட்டில் உலகமே அஞ்சிய ரஷித் கான் 34.5 ஓவர் வீசி 154 ரன் கொடுத்தார், விக்கெட் இரண்டு. ஷிகர் தவன் முதல் நாள் மதிய உணவுக்கு முன்பே சதம் அடித்துவிட்டார். ஆப்கானிஸ்தான் 109க்கும் 103க்கும் ஆட்டமிழந்து இரண்டே நாளில் தோற்றது. ரஷித்துக்குத் திறமை குறைவு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அடுத்த ஆண்டே சட்டோகிராமில் 11 விக்கெட் எடுத்து வங்கதேசத்தை வீழ்த்தியவர் அவர். அந்தக் களம் சுழலுக்கு ஏற்றது. எதிரே இருந்த பேட்டிங்கும் பெங்களூருவில் பார்த்த ரகமல்ல.

இந்த விதியைத் தன் ஒற்றைக் கையால் உடைத்தவர் ஒருவர் உண்டு. 1998 ஆகஸ்டில் லண்டன் ஓவல் மைதானத்தில் கண்டித் தமிழர் முத்தையா முரளிதரன் அந்த ஒரு டெஸ்டில் மட்டும் 113.5 ஓவர் வீசினார்; 16 விக்கெட். இங்கிலாந்து முதல் இன்னிங்ஸில் 445 எடுத்த பிறகும் இலங்கை பத்து விக்கெட் வித்தியாசத்தில் வென்றது. ஜயசூரியாவின் 213ஐ மறந்துவிடக் கூடாதுதான். ஆனால் ஒரு முனையை நாள் முழுக்க ஒரே ஆளிடம் ஒப்படைக்க முடிந்ததால், மற்றவர்களின் பலவீனம் பாதியாக மறைந்துபோனது. சிறிய அணிகள் ஊரில் சுழலும் களம் அமைப்பதன் பின்னால் இருப்பதும் இந்தத் தர்க்கமே. சுழற்பந்து வீச்சாளர் களைப்பது குறைவு. வங்கதேசம் 2016இல் இங்கிலாந்தையும் 2017இல் ஆஸ்திரேலியாவையும் சாய்த்தது மிர்பூரில்.

சரி, திறமை இடைவெளி எங்கிருந்து வருகிறது? டெஸ்ட் ஆடக் கற்க டெஸ்ட் ஆடுவதைத் தவிர வேறு வழி இல்லை. 1932இல் ஆடத் தொடங்கிய இந்தியா முதல் வெற்றிக்கு 25ஆவது டெஸ்ட்வரை காத்திருந்தது. 1952இல் சேப்பாக்கத்தில் வினு மன்கட் 12 விக்கெட் எடுத்தபோதுதான் அது கைகூடியது. அன்று வந்திருந்த இங்கிலாந்தும் ஹட்டன், காம்ப்டன் இல்லாத இரண்டாம் தர அணி. நியூசிலாந்துக்கு 26 ஆண்டுகளும் 45 டெஸ்ட்களும் தேவைப்பட்டன. வங்கதேசம் 35ஆவது டெஸ்டில் வென்றது. அந்த அணியைப் பார்த்து ‘இவர்களுக்கு எதற்கு டெஸ்ட் தகுதி’ என்று சிரித்தவர்கள் நியூசிலாந்தின் கணக்கைப் புரட்டிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

ஆட வாய்ப்பு கிடைத்தால்தானே கற்க முடியும்? வங்கதேசம் டெஸ்ட் தகுதி பெற்றது 2000இல். அண்டை நாடான இந்தியா தன் மண்ணில் டெஸ்ட் ஆட அதை அழைத்தது 2017இல். ஜிம்பாப்வே 2003க்குப் பிறகு இங்கிலாந்தில் டெஸ்ட் ஆடியது 2025இல். தோற்கும் அணியின் ஆட்டத்துக்கு ஒளிபரப்புப் பணம் வராது, பணம் வராததால் வாரியம் டெஸ்ட் நடத்தத் தயங்கும், ஆடாத அணி மேலும் தோற்கும். 2024 தொடங்கி நான்கு ஆண்டுகளுக்கான ஐசிசி (சர்வதேச கிரிக்கெட் கவுன்சில்) வருவாயில் இந்தியாவுக்கு மட்டும் 38.5 சதவீதம் என்று செய்திகள் வெளியாயின. 2019இல் தொடங்கிய உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப்பில் ஒன்பது அணிகள்தான். ஜிம்பாப்வே, அயர்லாந்து, ஆப்கானிஸ்தான் மூன்றுக்கும் இடமில்லை.

அயர்லாந்துக்கு நேர்ந்தது இன்னும் விசித்திரம். அதன் வீரர்கள் பாடம் படித்தது இங்கிலாந்தின் உள்நாட்டுப் போட்டிகளில் ஆடும் கவுண்டி அணிகளில். அங்கே அவர்கள் உள்ளூர் ஆட்டக்காரர்களாகவே கணக்கிடப்பட்டார்கள். டெஸ்ட் தகுதி வந்ததும் அந்தச் சலுகை போயிற்று. தன் கவுண்டி அணியான மிடில்செக்ஸா அயர்லாந்தா என்ற நிலையில், லார்ட்ஸில் இங்கிலாந்தைச் சுருட்டிய முர்டா அந்த ஆண்டு நவம்பரிலேயே சர்வதேச ஆட்டத்திலிருந்து விலகி மிடில்செக்ஸைத் தேர்ந்துகொண்டார். உயர்வு கொடுத்த கையே பள்ளிக்கூடத்தைப் பூட்டிவிட்டது.

அணிகளை இரண்டு அடுக்காகப் பிரித்தால் எல்லாம் சீராகும் என்ற யோசனை அடிக்கடி தலைதூக்குகிறது. 2016இல் இந்தியா உள்ளிட்ட வாரியங்களின் எதிர்ப்பால் அது கைவிடப்பட்டது. சமமான அணிகள் மோதினால் ஆட்டம் விறுவிறுப்பாக இருக்கும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் கீழடுக்குக்குப் போன அணி இந்தியாவின் பும்ராவையும் ஆஸ்திரேலியாவின் ஸ்டார்க்கையும் போன்ற வேகப்பந்து வீச்சாளர்களை எப்போது சந்திக்கும்? என் பார்வையில் அதைவிட அவசரமானது தொடர்களின் நீளம். இந்தியா, இங்கிலாந்து, ஆஸ்திரேலியா தமக்குள் ஐந்து டெஸ்ட் தொடர் ஆடுகின்றன. மற்றவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டு. 2025இல் உலக டெஸ்ட் சாம்பியன் ஆன தென்னாப்பிரிக்காகூட அந்தச் சுற்றில் ஆடியது 12 டெஸ்ட், எல்லாம் இரண்டு ஆட்டத் தொடர்கள். இங்கிலாந்து ஆடியது 22.

2024 ஜனவரியில் வெஸ்ட் இண்டீஸ் அடிலெய்டில் ஆஸ்திரேலியாவிடம் பத்து விக்கெட் வித்தியாசத்தில் தோற்றது. அடுத்த டெஸ்ட் பிரிஸ்பேனில். ஸ்டார்க்கின் யார்க்கர் கால்விரலைப் பதம் பார்த்திருக்க, சிறிது காலம் முன்புவரை காவலாளி வேலை பார்த்த ஷமார் ஜோசப் 68 ரன் கொடுத்து 7 விக்கெட் வீழ்த்தினார். வெற்றி 8 ரன் வித்தியாசத்தில். ஆஸ்திரேலிய மண்ணில் 1997க்குப் பிறகு முதல் முறை. தொடர் 1-1. மூன்றாவது டெஸ்ட் அட்டவணையிலேயே இல்லை.