எம்பிரா: இரைச்சலோடு சேர்த்துப் பதிய வேண்டிய கருவி

ஜிம்பாப்வேயின் ஷோனா மக்கள் பலகையில் பொருத்திய இரும்பு நாக்குகளை விரலால் சுண்டி வாசிக்கும் கருவி எம்பிரா. அதை முதல்முறை பதிவு செய்பவர் பாதியிலேயே நிறுத்திவிட்டு கேபிளைச் சோதிப்பது வழக்கம். ஒவ்வொரு சுரத்தோடும் 'ர்ர்ர்' என்று ஓர் இரைச்சல் ஒட்டிக்கொண்டு வரும். கேபிளில் கோளாறு ஒன்றும் இருக்காது. கருவியில் தளர்வாகக் கட்டியிருக்கும் சோடா மூடிகள் அதிர்கிற சத்தம் அது. அதை வடிகட்டிவிட்டால் எம்பிரா போய்விடும். ஆன்லைனில் விற்கும், கட்டைவிரலால் சுண்டும் சின்னக் கலிம்பா போன்ற ஏதோ ஒன்றுதான் மிஞ்சும்.

மூதாதையர் ஆவிகளுக்கான சடங்கில் விடிய விடிய வாசிக்கப்படும் பெரிய வகைக்கு எம்பிரா ட்ஸவட்ஸிமு என்று பெயர். அடியில் கனமான மரப்பலகை இருக்கும். முபுவமரோபா என்ற மரத்தில் அதைச் செய்வார்கள். நம் வேங்கையின் இனத்தைச் சேர்ந்த மரம் அது, வெட்டினால் அதேபோல் சிவப்புப் பால் வடியும். பலகையின் மேல் 22 முதல் 28 வரை இரும்பு நாக்குகள் உண்டு. பழைய கட்டில் ஸ்பிரிங், ஆணி, சைக்கிள் ஆரக்கால் என்று கிடைத்த எஃகைச் சூடாக்கித் தட்டித் தட்டையாக்கியவை. ஒவ்வொரு நாக்கும் முன்னால் ஒரு பாலத்தின் மீதும், பின்னால் ஒரு தாங்கியின் மீதும் உட்கார்ந்திருக்கும். இரண்டுக்கும் நடுவே குறுக்குக் கம்பி ஒன்று எல்லா நாக்குகளையும் கீழே அழுத்திப் பிடிக்கும். இடது கையில் கட்டைவிரல் மட்டும் வாசிக்கும். வலது கட்டைவிரல் மேலிருந்து அழுத்தி விடும், ஆள்காட்டி விரல் கீழிருந்து மேலே சுண்டும். வலது சுண்டுவிரல் பலகையின் மூலையில் உள்ள ஓட்டைக்குள் நுழைந்து கருவியைத் தாங்கும்.

சுருதி சேர்ப்பது நாக்கின் நீளத்தில். தகட்டின் அதிர்வெண் அதன் நீளத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதம் என்பதால் சின்ன நகர்வே பெரிய மாற்றம் தரும். பாலத்துக்கு வெளியே 60 மி.மீ. நீண்டிருக்கும் நாக்கை 1.7 மி.மீ. உள்ளே தள்ளினால் போதும், சுருதி அரைச்சுரம் ஏறிவிடும். நுனியில் சிறு சுத்தியலால் தட்டி உள்ளே தள்ளுவார்கள், குறட்டால் பிடித்து வெளியே இழுப்பார்கள். ஒரேயடியாகத் தள்ளினால் விரலுக்கு எட்டாமல் போகும். அப்போது அரத்தை எடுக்க வேண்டும். நுனியை ராவினால் எடை குறைந்து சுருதி ஏறும். பாலத்தின் அருகே ராவினால் விறைப்பு குறைந்து சுருதி இறங்கும். குறுக்குக் கம்பியின் கட்டு தளர்ந்தால் வாசிக்க வாசிக்க நாக்கு நகரும், அல்லது ஒலிக்காமல் 'தொப்' என்று அடங்கும். பாலத்தில் துரு சேர்ந்தாலும் ஒரு நாக்கு மட்டும் கரகரக்கும். சோடா மூடி எல்லாச் சுரத்துக்கும் சேர்ந்து இரையும், துரு ஒரே ஒரு சுரத்தில் காட்டிக்கொடுக்கும். மைக்கைத் திறப்பதற்கு முன்பே இதைப் பிரித்தறிந்துகொள்ள வேண்டும்.

ஒரு தந்தியின் மேற்சுரங்கள் (அடிச்சுரத்தோடு சேர்ந்தே ஒலிக்கும் உயர்ந்த சுரங்கள்) அடிப்படை அதிர்வெண்ணின் 2, 3, 4 மடங்கு என்று வரிசையாக வரும். ஒரு முனை மட்டும் பிடிக்கப்பட்ட சீரான தகட்டில் அப்படி இல்லை. அடுத்த அதிர்வு ஏறக்குறைய 6.27 மடங்கில், அதற்கடுத்தது 17.5 மடங்கில். எம்பிராவின் நாக்கு சீரான தகடு அல்ல, நுனி அகன்றும் இடை மெலிந்தும் இருப்பதால் இந்த எண்கள் நகரும்; தேர்ந்த தச்சர் வேண்டுமென்றே நகர்த்துவதும் உண்டு. எப்படியானாலும் அடிச்சுரத்துக்கும் முதல் மேற்சுரத்துக்கும் நடுவே பெரிய வெற்றிடம் இருக்கும். அந்த வெற்றிடத்தை நிரப்புவதுதான் இரைச்சல். பலகை ஒவ்வொரு முறை அதிரும்போதும் மூடிகள் துள்ளி மோதுகின்றன. மோதல் ஒவ்வொன்றும் மிகக் குறுகியது என்பதால் அதில் உயர் அதிர்வெண்கள் நிறைய உண்டு. மோதல்கள் சுரத்தின் தாளத்திலேயே திரும்பத் திரும்ப வரும்போது அவற்றின் ஒலி அந்தச் சுரத்தின் முழு மடங்குகளில் விழுகிறது. நாக்கால் தர முடியாத மேற்சுர வரிசையை மூடி தருகிறது. நாக்கின் அதிர்வு ஓரளவுக்கு மேல் இருந்தால்தான் மூடி துள்ளும்; அதனால் பலமாக அடித்த சுரம் இரைந்து தொடங்கி, சில நொடிகளில் தெளிந்து அடங்கும். தம்புராவின் பாலத்தில் தந்திக்கு அடியில் வைக்கும் ஜீவாளி நூல் செய்யும் வேலையும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

பலகை தனியாக ஒலித்தால் சத்தம் அவ்வளவாக எட்டாது. அதனால் டேஸே எனப்படும் பெரிய சுரைக்குடுக்கைக்குள் வைத்து, ஒரு குச்சியால் இறுக்கி வாசிப்பார்கள். இன்று ஃபைபர் கிளாஸ் குடுக்கைகளும் புழக்கத்தில் உண்டு. அவை எளிதில் உடையாது. குடுக்கையின் விளிம்பிலும் மூடிகள் வரிசையாகத் தொங்கும். முன்பு அந்த இடத்தில் நத்தை ஓடுகள் இருந்தன.

இனி பதிவின் கதை. எம்பிரா உள்ளிட்ட ஆப்பிரிக்க இசையை மிக விரிவாகப் பதிந்தவர் ஹியூ டிரேசி. இங்கிலாந்தில் 1903இல் பிறந்து, இளைஞராக ஜிம்பாப்வேக்கு (அப்போது தெற்கு ரொடீஷியா) புகையிலை பயிரிட வந்தவர். 1954இல் சர்வதேச ஆப்பிரிக்க இசை நூலகத்தை நிறுவினார். அது இப்போது தென்னாப்பிரிக்காவின் மகாண்டாவில், ரோட்ஸ் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. அங்கிருந்து வந்த 'சவுண்ட் ஆஃப் ஆப்பிரிக்கா' வரிசையில் மட்டும் 200க்கும் மேற்பட்ட எல்.பி. தட்டுகள். கையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு இசைக்காரர்களிடையே நகர்ந்தபடி பதிவது அவர் பாணி. எந்தக் குரல் முன்னே வரவேண்டும் என்பதை அந்தக் கையே தீர்மானித்தது. அதனால் அவர் பதிவுகளில் கேட்கும் சமநிலை இசைக்காரருடையது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, பாதி டிரேசியுடையது.

அவர் சுருதி அளந்த விதம் இன்னும் பயனுள்ளது. 212 ஹெர்ட்ஸ் முதல் 424 ஹெர்ட்ஸ் வரை 4 ஹெர்ட்ஸ் இடைவெளியில் 54 இசைக்கவைகள் (தட்டினால் ஒரே சுருதி தரும் உலோகக் கவைகள்) அவரிடம் இருந்தன. ஒரு ஸ்தாயியை முழுதாக அடைக்கும் தொகுதி அது. மற்ற ஸ்தாயிச் சுரங்களை இதற்குள் கொண்டுவந்து ஒப்பிடலாம். நாக்கையும் கவையையும் சேர்த்து ஒலித்தால் சத்தம் ஏறி ஏறி இறங்கும் விம்மல் கேட்கும். நொடிக்கு ஒரு விம்மல் என்றால் வேறுபாடு 1 ஹெர்ட்ஸ். கீழ்முனையில் 4 ஹெர்ட்ஸ் என்பது 32 சென்ட், மேல்முனையில் 16 சென்ட் (அரைச்சுரம் 100 சென்ட்). ஆகவே கீழ்ச்சுரங்களில் இந்த அளவுகோல் கொஞ்சம் முரடு, மேலே போகப் போக நுணுக்கம்.

பழைய தட்டைக் கணினிக்கு மாற்றும்போது இந்த அளவுகள் கைகொடுக்கும். நிமிடத்துக்கு 80 சுற்றில் வெட்டிய தட்டை 78இல் ஓட்டினால் எல்லாச் சுரமும் 44 சென்ட் இறங்கிவிடும். வேகம் ஒரே சீராகத் தவறியிருந்தால் சுரங்களுக்கிடையே உள்ள இடைவெளி மாறாது, மொத்தச் சுருதிதான் நகரும்; கவை அளவோடு ஒப்பிட்டுத் திருத்திவிடலாம். வேகம் நடுவில் தள்ளாடியிருந்தால் சிக்கல். பதிவில் கலந்திருக்கும் 50 ஹெர்ட்ஸ் மின்சார ரீங்காரத்தை வைத்துத் திருத்துவது வழக்கமான உத்தி. ஆனால் களத்தில் ஜெனரேட்டர் ஓட்டிப் பதிந்திருந்தால் அந்த ரீங்காரமே நிலையாக இருக்காது, அதை நம்பக் கூடாது. இன்னொரு பொறி: பியானோ சுருதிக்கு இழுத்துச் 'சரிசெய்வது'. எம்பிராவில் ஒரு ஸ்தாயிக்கு ஏழு சுரம். இடைவெளி தச்சருக்குத் தச்சர், ஊருக்கு ஊர் மாறும். நெருக்கி இழுத்தால் அந்தத் தச்சரின் வேலை அழிந்துபோகும். டிஜிட்டல் நகலுக்கு 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் என்பதே ஒலிக்காப்பகங்களில் பரவலான நடைமுறை. சத்தம் நீக்கும் மென்பொருளை மூல நகலில் தொடவே கூடாது. தட்டின் கீறலையும் மூடியின் இரைச்சலையும் அதற்குப் பிரித்தறியத் தெரியாது.

இன்று புதிதாகப் பதிபவர் செய்யும் முதல் தவறு, மைக்கைக் குடுக்கையின் வாய்க்குள் நுழைப்பது. அங்கே உறுமல்தான் கேட்கும். வாயிலிருந்து 40 முதல் 60 செ.மீ. தள்ளி, நேர் எதிரே வைக்காமல் சற்றுப் பக்கவாட்டில் வைத்தால் நாக்கின் சுண்டலும் இரைச்சலும் சமமாக வரும். மிகக் கீழான நாக்குகள் 100 ஹெர்ட்ஸ் அளவில் ஒலிக்கும் என்பதால் மைக்கில் கீழ் அதிர்வெண்களை வெட்டும் சுவிட்சை அணைத்துவிடுங்கள். கைபேசியில் பதிந்தால் சத்தம் குறைப்பு, தானியங்கி ஒலியளவு இரண்டையும் நிறுத்தாமல் தொடங்க வேண்டாம்; சீராக வரும் இரைச்சலை மின்விசிறிச் சத்தம் என்று நினைத்து கைபேசி விழுங்கிவிடும். ஹோஷோ என்ற சுரைக்குடுக்கைக் கிலுக்கிகளும் கூடவே வரும். உள்ளே கல்வாழை விதைகள். அவற்றின் கூர்மையான ஒலி எம்பிராவை எளிதில் மூழ்கடிக்கும். கிலுக்குபவரை 2 அல்லது 3 மீட்டர் பின்னால் உட்காரவைத்து, பதிவு அளவுகாட்டியில் உச்ச அளவு மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல் வைத்துக்கொண்டால் ஒலியின் உச்சி வெட்டுப்படாது.

இரண்டு பேர் வாசிக்கும்போது ஒருவர் குஷாவுரா என்ற முதற்பகுதியையும் மற்றவர் குட்சின்ஹிரா என்ற பின்னற்பகுதியையும் எடுத்துக்கொள்வார்கள். பெரும்பாலான பாடல்களில் ஒரு சுற்று 48 துடிப்பு, 12 துடிப்பாக நான்கு பகுதி. சில பாடல்களில் இரண்டாமவர் அதே வாசிப்பை ஒரு துடிப்பு தள்ளி வாசிப்பார். இரண்டும் பின்னும்போது, இருவரில் யாருமே தனியாக வாசிக்காத மெட்டுகள் காதில் உருவாகும். அருகருகே உள்ள சுருதிகளைக் காது தானாகத் தொகுத்துக்கொள்வதால் வருவது இது. பதிவில் ஒருவரை முழுக்க இடது பக்கமும் மற்றவரை முழுக்க வலது பக்கமும் தள்ளினால், ஹெட்போனில் கேட்பவருக்கு இந்தத் தொகுப்பு உடைந்துவிடும். நடுவை ஒட்டி வைப்பதே நல்லது. மூன்று நிமிடத்தில் நிறுத்துவதும் 78 தட்டுக் காலத்து நிர்ப்பந்தம்தான். ஒரு தட்டின் பக்கத்தில் அதற்குமேல் அவ்வளவாகக் கொள்ளாது. இப்போது அந்தத் தடை இல்லை. மாற்றங்கள் சுற்றுக்குச் சுற்று மெல்ல நுழைவதால் பத்து நிமிடமாவது ஓடவிட வேண்டும்.

பாடல் முடிந்ததும் கருவியைக் கீழே வைக்க விடாமல் இன்னும் மூன்று பதிவு எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நாக்கையும் இடமிருந்து வலமாக, ஒலி முழுதாக அடங்கும்வரை காத்திருந்து தனித்தனியாகச் சுண்டச் சொல்லுங்கள். பிறகு குஷாவுரா மட்டும். பிறகு குட்சின்ஹிரா மட்டும். கூடவே தச்சர் பெயர், ஊர், சுருதி வகையின் பெயர் ஆகியவற்றை வாசிப்பவர் வாயாலேயே மைக்கில் சொல்லவைத்தால், கோப்பின் பெயர் எங்கே தொலைந்தாலும் தகவல் பதிவுக்குள்ளேயே இருக்கும்.