ஒரே திராட்சை, இரண்டு நிறம்: ஷெர்ரி பீப்பாய்க்குள் மிதக்கும் ஆடை

ஒரே திராட்சையில் செய்த ஷெர்ரி என்ற ஸ்பெயின் நாட்டு ஒயின்களில் ஒன்று வைக்கோல் நிறத்திலும் இன்னொன்று கஷாய நிறத்திலும் இருக்கிறதே, சாயம் சேர்க்கிறார்களா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். இந்த வித்தியாசம் சாயத்தால் வருவதில்லை, ஈஸ்டால் வருகிறது.

தெற்கு ஸ்பெயினில் சன்லூகார் என்ற கடலோர ஊரில் இடால்கோ குடும்பம் 1792 முதல் ஒயின் செய்கிறது. மன்சனீயா, அமோந்தியாதோ, ஒலோரோசோ என்பவை ஷெர்ரி வகைகள். அவர்களுடைய லா ஹிதானா என்ற மன்சனீயா வெளிறியது, நெப்போலியன் என்ற அமோந்தியாதோ பழுப்பு, ஃபராஓன் என்ற ஒலோரோசோ நிறத்தில் இன்னும் அடர்த்தி. மூன்றுக்கும் பலோமினோ என்ற வெள்ளைத் திராட்சைதான். சாறு நொதித்து சர்க்கரை தீர்ந்ததும், திராட்சையில் வடித்த சாராயத்தைச் சேர்த்து, மன்சனீயாவுக்கு ஆல்கஹாலை 15 சதவீதத்துக்கும் ஒலோரோசோவுக்கு 17-க்கு மேலும் ஏற்றுகிறார்கள். 600 லிட்டர் பீப்பாயில் ஆறில் ஒரு பங்கைக் காலியாக விடுகிறார்கள். அந்தக் காலி இடத்தில்தான் கதையே நடக்கிறது.

சர்க்கரை தீர்ந்தால் சாதாரண ஈஸ்ட் அடியில் படிந்து சாகும். இங்கே இருக்கும் ஈஸ்ட் மேலே ஏறுகிறது! ஆல்கஹாலையே தின்று வாழ அதற்குத் தெரியும், ஆனால் அதற்கு ஆக்ஸிஜன் வேண்டும், அது மேற்பரப்பில்தான் கிடைக்கும். சரி, எப்படி ஏறுகிறது? ஃப்ளோ11 என்ற மரபணு, செல்லின் மேல் தண்ணீர் ஒட்டாத புரதம் ஒன்றைப் போர்த்துகிறது. செல்கள் ஒன்றோடொன்று ஒட்டி, தாங்கள் விடும் கார்பன் டை ஆக்சைடு குமிழிகளையே பிடித்து வைத்துக்கொண்டு மிதக்கின்றன. இந்த ஈஸ்டில் அந்த மரபணுவுக்கு முன்னால் டி.என்.ஏ.வின் 111 எழுத்துகள் காணாமல் போயிருக்கின்றன, அதனால் அது அடங்காமல் வேலை செய்கிறது என்று ஸ்பெயின் ஆய்வாளர்கள் 2006இல் காட்டினார்கள். ஒயின் ஈஸ்டை ஆராய எதற்குப் பணம் என்று கேட்பவர்கள் உண்டு. நோய் தரும் பூஞ்சைகள் மருத்துவக் குழாய்களில் படர்வதும் இதுபோன்ற ஒட்டுப் புரதங்களால்தான், ஆகவே கொடுக்க வேண்டும் என்பேன், தயங்காமல்.

பாலாடை மாதிரி சுருக்கம் விழுந்த இந்த வெண்படலத்துக்கு அங்கே ஃப்ளோர், அதாவது பூ, என்று பெயர். வெனென்சியா என்ற நீளக்காம்புக் குவளையை அதற்குள் வேகமாக இறக்கி ஒயின் எடுப்பார்கள், மெதுவாக இறக்கினால் படலம் கலைந்து துணுக்குகளும் கூடவே வந்துவிடும்.

காற்றைத் தேடி ஏறிய அதே ஆடை, வரும் ஆக்ஸிஜனைத் தானே தீர்த்துவிட்டு கீழே இருக்கும் ஒயினுக்கு எட்டவிடாமல் செய்கிறது. எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. ஒயினுக்கு வழவழப்புத் தரும் கிளிசராலையும் அது தின்றுவிடுவதால் மன்சனீயா நாக்கில் மெலிதாக, வறட்சியாக இருக்கும். மன்சனீயாவின் காரமான வாசனைக்குக் காரணம், ஆல்கஹாலிலிருந்து அது உண்டாக்கும் அசிட்டால்டிஹைடு என்ற வேதிப்பொருள்தான். கடற்காற்றின் ஈரத்தால் சன்லூகாரில் ஆடை வருடம் முழுக்கத் தடித்திருக்கும், கடலிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் ஹெரேஸ் என்ற ஷெர்ரி ஊரில் கோடையில் மெலியும். பீப்பாய்களை வரிசை வரிசையாக அடுக்கி, பழைய ஒயின் இருக்கும் அடிவரிசைப் பீப்பாயிலிருந்து கொஞ்சம் எடுத்துவிட்டு மேல்வரிசையின் இளைய ஒயினை ஊற்றுவதும் அதற்குச் சோறு போடுவது மாதிரிதான்.

அந்தச் சோற்றை நிறுத்தினால் ஆடை பட்டினியில் சாகும். அப்புறம் ஒயினில் காற்றுப் படும், திராட்சையிலிருந்து வந்த ஃபீனால்கள் என்ற சேர்மங்கள் பழுப்பேறும், அமோந்தியாதோ பிறக்கும். ஒலோரோசோவில் 17 சதவீத ஆல்கஹால் ஈஸ்டை வளரவே விடாது, முதல் நாளிலிருந்தே காற்றுதான்.