கரண்ட் போகும் நொடியில் உங்கள் அஞ்சல் எங்கே இருக்கும்?

வட்டக்கச்சியிலிருந்து, உயர்தரத்தில் ஐசிடி படிக்கும் மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: "2023-இல் அரச மின்னஞ்சல்கள் அழிந்தது விண்டோசில் ஓடியதாலா? லினக்ஸ் என்றால் தப்பியிருக்குமா? பெரிய மின்னஞ்சல் சேவைக்கு எந்தப் பணிசெயல் முறைமை நல்லது?"

முதல் இரண்டுக்கும் பதில் சிறியது. அந்த ஆண்டு கப்பம் கேட்கும் தீநிரல் ஒன்று இலங்கை அரசின் மேகக்கணினிக்குள் புகுந்தது. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான அஞ்சல்கள் போய்விட்டன. அமைச்சரவை அலுவலகமும் தப்பவில்லை. அந்த மேகக்கணினியில் இருந்தது மைக்ரோசொஃப்டின் அஞ்சல் மென்பொருளான எக்ஸ்சேஞ்சின் 2013 பதிப்பு. மைக்ரோசொஃப்ட் அதைக் கைவிட்டது அந்த ஏப்ரலில்தான். புதியதற்கு மாறக் காசில்லை என்று தள்ளிப்போட்டிருந்தார்கள். அந்த மூன்று மாதங்களுக்கும் வேறிடத்தில் பிரதி எடுத்து வைக்கவும் இல்லை. லினக்ஸையும் இப்படிக் கவனிக்காமல் போட்டிருந்தால் இதேதான் நடந்திருக்கும். காசில்லை என்ற காரணத்தை மட்டும் அங்கே சொல்லியிருக்க முடியாது.

மூன்றாவது கேள்விக்கு ஹொட்மெயிலின் கதையைப் பலரும் எடுத்துவருவார்கள். 1996-இல் தொடங்கிய அந்தச் சேவையை அடுத்த ஆண்டு முடிவில் மைக்ரோசொஃப்ட் வாங்கியது. வாங்கும்போது அதன் இணையப் பக்கங்களைக் கொடுத்த கணினிகளில் இருந்தது திறந்த மூலமான ஃப்ரீபிஎஸ்டி, அஞ்சல்களைச் சேமித்த கணினிகளில் சோலாரிஸ். இரண்டும் யுனிக்ஸ் வகைப் பணிசெயல் முறைமைகள். விண்டோஸ் விற்கிறவர்களுக்கு எவ்வளவு சங்கடம்! 2000-இல் முன்பக்கக் கணினிகளை விண்டோஸ் 2000-க்கு மாற்றினார்கள். பிற்பாடு கசிந்த அவர்களுடைய உள்ளக அறிக்கையே, யுனிக்ஸ் வகை முறைமையைத் தேவையான அளவுக்குச் சுருக்கிக்கொள்ளலாம், அமைப்புகளெல்லாம் வெறும் உரைக்கோப்புகளில் இருப்பதால் கையாள இலகு என்று ஒப்புக்கொண்டது. இருந்தும் மாற்றியபின் சேவை ஓடத்தான் செய்தது. 2004-இல் வந்த ஜிமெயில் லினக்ஸில் ஓடியது, அதுவும் நன்றாகவே ஓடியது. வேகத்தை வைத்து இந்த வழக்கைத் தீர்க்க முடியாது. எனக்கு அதைவிடச் சுவையான இடம் வேறொன்று: ஓர் அஞ்சல் வட்டில் எழுதப்பட்டுவிட்டது என்று கணினி சொன்னால், அதை எவ்வளவு நம்பலாம்?

2022-இல் நாளுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு இருந்ததே, நினைவிருக்கும். அப்படிக் கரண்ட் போகும் நொடியில் உங்களுக்கு ஓர் அஞ்சல் வந்துகொண்டிருக்கிறது என்று வையுங்கள். பாதி எழுதியாகிவிட்டது. பழைய முறையில் ஒருவரின் எல்லா அஞ்சல்களும் ஒரே நீளமான கோப்பில் இருக்கும், புதியது வாலில் ஒட்டப்படும். இடையில் நின்றால் அரைகுறை வால் ஒன்று தொங்கும். இரண்டு நிரல்கள் ஒரே நேரத்தில் கை வைக்காதபடி பூட்டும் போட வேண்டும். பூட்டியவன் இடையில் செத்தால் பூட்டு அப்படியே கிடக்கும்.

1990-களின் நடுவில் டானியல் பேர்ன்ஸ்டைன் என்ற கணிதக்காரர், கியூமெயில் என்ற அஞ்சல் மென்பொருளோடு 'மெயில்டிர்' என்ற வழியைக் கொண்டுவந்தார். ஓர் அஞ்சலுக்கு ஒரு கோப்பு. பெட்டிக்குள் மூன்று கோப்புறைகள்: 'டெம்ப்', 'நியூ', 'கர்'. வரும் அஞ்சல் முதலில் டெம்பில் எழுதப்படும். நேரம், நிரலின் எண், கணினியின் பெயர் மூன்றும் சேர்ந்து கோப்பின் பெயராகும் என்பதால் இன்னொன்றோடு மோதாது. எழுதி முடித்ததும் 'எஃப்சிங்க்' என்ற அழைப்பு போகும். நினைவகத்தில் வைத்திருக்கிறதை உண்மையாகவே வட்டில் இறக்கு, இறக்கிய பிறகுதான் பதில் சொல் என்று பணிசெயல் முறைமையின் உட்கருவான கெர்னலிடம் கேட்பது அது. பதில் வந்தபின் கோப்பு நியூவுக்கு மாறும். இந்த மாற்றத்தில் பாதி என்ற நிலையே கிடையாது. எந்த நொடியில் பார்த்தாலும் நியூவில் முழு அஞ்சல் இருக்கும், அல்லது ஒன்றுமே இருக்காது. சூடடித்த களத்தில் கிடக்கும் நெல்லை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை, வீட்டுக்கு ஏற்றிய மூட்டைதான் கணக்கு. டெம்ப் அந்தக் களம். பூட்டு எங்கேயும் தேவைப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். எத்தனை முறை யோசித்தாலும் எனக்கு இது அலுப்பதில்லை.

இன்னும் இருக்கிறது. அனுப்பும் சேவையகத்துக்கு '250', அதாவது 'ஏற்றுக்கொண்டேன்', என்ற பதிலைக் கொடுத்துவிட்டால் அஞ்சலின் முழுப்பொறுப்பும் பெற்றவர் தலையில். ஆகவே அஞ்சலைத் தன் வட்டிலுள்ள வரிசையில் எழுதி எஃப்சிங்க் செய்த பிறகுதான் 250 போகும், வரிசையிலிருந்து பெட்டியில் போடுவது அதற்கும் பிறகு. அதற்கு முன் கரண்ட் போனால், பதில் கிடைக்காத அனுப்புநர் அஞ்சலைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, வழக்கமாக நான்கைந்து நாட்களாவது திரும்பத் திரும்ப முயல்வார். வரிசையில் எழுதியபின், 250 போகுமுன் நின்றால்? அதே அஞ்சல் இரண்டாக வரும். தொலைவதைவிட இரட்டிப்பது மேல் என்று முடிவெடுத்து எழுதப்பட்ட விதி இது.

(அஞ்சல் படிக்கும் நிரல் கண்டுவிட்ட அஞ்சல் கர் கோப்புறைக்குப் போகும்போது பெயரின் முடிவில் முக்காற்புள்ளி ஒன்று சேரும். விண்டோசில் கோப்புப் பெயருக்குள் முக்காற்புள்ளி வரக்கூடாது! இவ்வளவு அழகான வேலை அங்கே ஒரு புள்ளியில் தடுக்கி விழுகிறது.)

இத்தனையும் எஃப்சிங்க் உண்மை பேசும் என்ற நம்பிக்கையில் நிற்கிறது. அது எப்போதும் பேசுவதில்லை. ஆப்பிளின் முறைமையில் எஃப்சிங்க் தரவை வட்டிடம் ஒப்படைத்தவுடன் திரும்பிவிடும், வட்டின் சொந்த இடைநினைவகம் காலியாக வேறோர் அழைப்பு வேண்டும். இதை அவர்களே ஆவணத்தில் எழுதியிருக்கிறார்கள், பாராட்டத்தான் வேண்டும். லினக்ஸிலோ, கோப்பை மட்டுமல்ல, கோப்புறையையும் தனியே எஃப்சிங்க் செய்தால்தான் இடமாற்றம் நிலைக்கும். 2018-இல் இன்னும் மோசமான ஒன்று வெளிவந்தது. வட்டில் எழுதுவது தோற்றால் லினக்ஸ் ஒருமுறை பிழை சொல்லும். மறுபடி கேட்டால் 'எல்லாம் சரி' என்றுவிடும், எழுதாத தரவைக் கைவிட்டபடியே. போஸ்ட்கிரஸ் தரவுத்தளக்காரர்கள் அதை உறுதிசெய்தது கெர்னலின் மூலநிரலை வாசித்துத்தான். ஃப்ரீபிஎஸ்டி இதில் வேறுமாதிரி நடக்கிறது என்பதும் அதே முறையில் தெரிந்தது. 2019-இல் போஸ்ட்கிரஸ் தன்னைத் திருத்திக்கொண்டது: எஃப்சிங்க் தோற்றால் மறுபடி கேட்காமல் நின்றுவிடும், பிறகு தன் பதிவேட்டிலிருந்து மீளும்.

திறந்த மூலத்தில் பிழை இல்லையென்று யாராவது சொன்னால் இந்தக் கதையைச் சொல்லுங்கள். பல வருடங்கள் அங்கேயே கிடந்த பிழை. ஆனால் சந்தேகம் வந்த நாளில் கதவைத் திறந்து பார்க்க முடிந்தது. மூடிய முறைமையில் அந்த நாளில் செய்யக்கூடியது, விற்பனையாளருக்கு எழுதிவிட்டுக் காத்திருப்பது.

அதற்காக இலவசம் என்று குதிக்கவும் வேண்டாம். உரிமக் கட்டணம் மிச்சமானால் அந்தக் காசு ஆட்களுக்குப் போக வேண்டும். அறிவியல் நகரில் பொறியியல் பீடம் இருக்கிறது, வவுனியாவில் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே இரண்டு மாணவர்களுக்கு ஒரு வருடம் கெர்னல் வாசிக்கச் சம்பளம் கொடுக்க எவரும் நிதி ஒதுக்குவதைக் காணோம். பெட்டி வாங்கத்தான் திறப்பு விழா. சரஸ்வதி பூசைக்கு யூபிஎஸ்ஸின் நெற்றியில் சந்தனம் வைப்பதில் எனக்கு ஆட்சேபமில்லை. அதன் மின்கலத்தையும் அன்று சோதித்துவிடுங்கள்.

வட்டக்கச்சி மாணவிக்கு ஒரு வேலை. பள்ளிக்கூடத்தில் ஒதுக்கிப் போட்ட கணினியில் லினக்ஸையும் போஸ்ட்ஃபிக்ஸ் என்ற அஞ்சல் சேவையக மென்பொருளையும் போட்டு, பெட்டியை மெயில்டிர் வகையாக அமையுங்கள். இன்னொரு கணினியிலிருந்து ஆயிரம் அஞ்சல் அனுப்பி, ஒவ்வோர் அஞ்சலையும் முழுதாக அனுப்பி முடித்தபின் வரும் 250-ஐ மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். ஆசிரியரிடம் கேட்டுக்கொண்டு நடுவில் பிளக்கைப் பிடுங்குங்கள். மீண்டும் இயக்கியதும் சேவையகம் விட்ட வேலையை முடிக்கட்டும், அப்புறம் நியூவில் இருப்பதை எண்ணுங்கள். 250-களைவிடக் கூடியிருந்தால் பிழையில்லை, அது 250 வந்துசேருமுன் நின்ற அஞ்சல். குறைந்திருந்தால் வட்டின் இடைநினைவகத்தை நிறுத்திவிட்டு மறுபடி செய்யுங்கள். இரண்டு எண்ணிக்கையையும் எனக்கு எழுதுங்கள்.