துஷ்பிரயோகம்: சொல் விளக்கம்

கொழும்பில் ஆசிரியர்களுக்கும் நன்னடத்தை அதிகாரிகளுக்கும் நடக்கும் சிறுவர் பாதுகாப்புப் பயிற்சிகளில் ஓயாமல் அடிபடும் சொல் 'துஷ்பிரயோகம்'. கெட்ட என்று பொருள்தரும் 'துஸ்', பயன்பாடு என்று பொருள்தரும் 'பிரயோகம்' இரண்டும் சேர்ந்த வடசொல். ஆங்கில 'அபியூஸ்' லத்தீன் வழி வந்தது. அதற்குள்ளும் இருப்பது 'பயன்படுத்து' என்ற வினைதான். அதிகாரத் துஷ்பிரயோகம், நிதித் துஷ்பிரயோகம் என்றால் பொருந்துகிறது, அவற்றுக்கு முறையான பயன்பாடு ஒன்று உண்டு. பிள்ளை பாவிக்கிற பொருளா?

1995இல் திருத்தப்பட்ட தண்டனைச் சட்டக்கோவையில் 'பாரதூரமான பாலியல் துஷ்பிரயோகம்' தனிக் குற்றம். சட்ட ஆவணத்தில் அந்தப் பெயர் இருக்கட்டும். பேச்சிலும் பயிற்சியிலும் வேறு சொல் வேண்டும்.

'வன்கொடுமை' எடுத்த எடுப்பில் நல்ல தமிழ். ஆனால் 'வன்' என்றதும் அடியும் காயமும் தேடுகிறோம். பெரும்பாலும் நடப்பது பழக்கம், பரிசு, இரகசியம் என்ற வழியில்தான். சட்ட வைத்திய அதிகாரியின் பரிசோதனையில் காயம் தெரியாமல் இருப்பது சாதாரணம். அதை வைத்து 'ஒன்றும் நடக்கவில்லை' என்று முடிவுகட்டுவது பெரிய பிழை. 'சீண்டல்' விஷயத்தை விளையாட்டாக்கிவிடும். 'கெடுத்தல்' எல்லாவற்றிலும் மோசம்: குற்றம் செய்தவனை விட்டுவிட்டுப் பிள்ளையைக் 'கெட்டுப்போன பிள்ளை' ஆக்குகிறது. 'சிறுவர் மீதான பாலியல் கொடுமை' என்பதே எங்கள் தெரிவு. தொட்டதும் அதற்குள் வரும், தொடாமல் செய்ததும் வரும்.

எந்தச் சொல்லானாலும் பிள்ளையிடம் கேட்கும் கேள்விக்குள் அது வரக்கூடாது. "அவர் துஷ்பிரயோகம் செய்தாரா?" என்றால் பிள்ளைக்கு விளங்காது, விளங்கினாலும் பதிலை நாமே ஊட்டியதாகிவிடும். "என்ன நடந்தது, சொல்லுங்க மகள்", "பிறகு?" போதும். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள், சிறுவர் உதவித் தொலைபேசி இலக்கமான 1929க்கோ பொலிஸுக்கோ அறிவிக்கத்தான் வேண்டும். திரும்பத் திரும்பச் சொல்ல வைக்கவும் வேண்டாம். ஒவ்வொரு முறையும் வார்த்தை கொஞ்சம் மாறும், பிறகு மன்றில் அந்த வித்தியாசத்தையே பிடித்துக்கொள்வார்கள். ஒளிப்பதிவு செய்த ஆரம்ப நேர்காணலைச் சான்றாக ஏற்க 1999இன் 32ஆம் இலக்கச் சட்டம் இடம்தருகிறது.

அறிக்கையில்தான் இந்தச் சொல் அதிக சேதம் செய்கிறது. ஒரு பிள்ளை இப்படிச் சொல்வதாக வைத்துக்கொள்வோம்: "சேர் ஃபோனில கூடாத படம் காட்டினார். அம்மாட்ட சொல்லாத எண்டார்." இதை 'துஷ்பிரயோகத்துக்கு உட்படுத்தப்பட்டார்' என்று எழுதினால் ஃபோனும் போய்விடும், 'அம்மாட்ட சொல்லாத' என்றதும் போய்விடும், அந்த ஃபோனைக் கைப்பற்ற வேண்டும் என்று வாசிப்பவருக்குத் தோன்றாது. கொழும்பில் வாக்குமூலம் சிங்களத்தில் பதிவாகும்போது இன்னொரு படியும் நழுவும். ஆகவே பிள்ளை சொன்னதை மேற்கோள் குறிக்குள் தமிழிலேயே எழுதுங்கள், வீட்டில் உடல் உறுப்புக்குச் சொல்லும் செல்லப்பெயரையும் மாற்றாமல். நீங்கள் கேட்ட கேள்வி, திகதி, நேரம் பக்கத்தில். சிங்கள மொழிபெயர்ப்பு அதற்குக் கீழே.