ரெக்கார்டு நோட்டை எப்போதும் அவளிடமே கொடுக்காதீர்கள்

இந்த மாதத்தில் மட்டும் இதே புகாரோடு பெற்றோர் என்னிடம் அழைத்துவந்த மூன்றாவது குழந்தை இவள். ஏழாம் வகுப்பு. "அறிவியல் என்றாலே ஒதுங்குகிறாள் மேடம். பெண்பிள்ளைக்கு இயல்பிலேயே அதில் நாட்டம் இருக்காது என்கிறார் இவள் அப்பா" என்று தாய் ஆரம்பித்தார்.

மேசைமேல் ஒரு பேட்டரி, டார்ச் பல்பு, இரண்டு துண்டு வயர் வைத்தேன். "நீங்கள் செய்யுங்கள் மிஸ், நான் எழுதிக்கொள்கிறேன்" என்றாள். வகுப்பில் செய்முறை என்றால் பையன்கள் வயரைப் பிடிப்பார்களாம். இவள் கையெழுத்து முத்து முத்தாக இருப்பதால் ரெக்கார்டு நோட்டு இவள் மடியில். மூன்று ஆண்டுகளாக இப்படித்தான். அவசரப்படுத்தாமல் காத்திருந்தேன். நான்காவது முயற்சியில் பல்பு எரிந்தது. உடனே கழற்றினாள், பேட்டரியைத் திருப்பிவைத்தாலும் எரிகிறதா என்று பார்த்தாள். நாட்டம் இல்லாத குழந்தை செய்கிற வேலையா இது?

இந்த 'இயல்பிலேயே' என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குக் கோபம் வருகிறது. 2017இல் 'சயின்ஸ்' இதழில் ஓர் அமெரிக்க ஆய்வு வெளியானது. ஐந்து வயதில் சிறுவர்கள் ஆண்களையும் சிறுமிகள் பெண்களையும் 'மிக மிகப் புத்திசாலி' என்று ஏறக்குறைய ஒரே அளவில் சுட்டினார்கள். ஆறு வயதிலேயே சிறுமிகளிடம் அது சரிந்துவிட்டது. அதே சிறுமிகள், பள்ளியில் நல்ல மதிப்பெண் வாங்குவது பெண்கள்தான் என்று சொல்லத் தயங்கவில்லை. 'விடாமல் முயல்பவர்களுக்கான விளையாட்டு' என்றால் சிறுவர்களைப் போலவே ஆர்வம் காட்டினார்கள். 'புத்திசாலிகளுக்கானது' என்றதும் பின்வாங்கினார்கள். பிறவிக் குணம் ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவிலா முளைக்கும்? ஆகவே, "மார்க் நன்றாகத்தானே வாங்குகிறாள்" என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள்.

ஆசிரியர்களே, செய்முறைக் குழுவில் யார் இணைப்பது, யார் எழுதுவது என்பதை ஒவ்வொரு முறையும் மாற்றுங்கள். கை தூக்கியவனையே கேட்காதீர்கள். "அவன் மூளைக்காரன், இவள் உழைப்பாளி" என்ற பேச்சு ஆசிரியர் அறையில்கூட வேண்டாம். எழுதவே எழுதாத பையனுக்கும் இதில் நஷ்டம்தான். தன் முறை வரும்வரை பொறுக்கவும் அடுத்தவர் சொல்வதைக் கேட்டுக் குறித்துக்கொள்ளவும் அவன் எங்கே பழகுவான்? என்னிடம் வரும் பையன்களில் பலருக்கு அந்தப் பொறுமைதான் குறை.

சூரியனை ஆராயும் இந்திய விண்கலமான ஆதித்யா எல்-1இன் திட்ட இயக்குநராகப் பணியாற்றிய நிகர் ஷாஜி, நம் செங்கோட்டையில் பிறந்தவர். அவர் படத்தை வகுப்பறையில் ஒட்டுங்கள், நல்லதுதான். அந்தப் படத்துக்குக் கீழே இருக்கும் மேசையில் வயர் யார் கையில் இருக்கிறது என்பதையும் பாருங்கள்.

அப்பாக்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டில் மிக்ஸி பிளக்கைக் கழற்றி மாட்டும்போது, தயவுசெய்து ஸ்குரூ டிரைவரை மகள் கையில் கொடுத்துப் பழக்குங்கள்.